‘அப்ப நான் இப்ப ஆள் இல்லையா?’

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கணவருக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். மகளுக்கு இன்னும் நாலு மாதத்தில் 12 வயது நிறைகிறது. போன வாரம் என் மாமியார் போனில், "புள்ள இன்னும் ஆளாகலையாத்தா?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அப்ப நான் இப்ப ஆள் இல்லையாம்மா?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். இரண்டு நாள் கழித்து, பிளஸ் டூ படிக்கிற பையனிடம் அவன் அப்பா, "உன்னை ஆளாக்கிப் பாக்கணும்னுதான்டா ராத்திரி பகலா ஓடுறேன்" என்று சொல்ல, "என்னை ஆளாக்க மாட்டீங்களாப்பா?" என்று நடுவில் புகுந்தாள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இதற்கிடையில் பள்ளியில் ‘நான் வளர்ந்த பிறகு’ என்று ஒரு கட்டுரை. "நான் படித்து ஆளாகி அப்பத்தாவுக்கு மாடி வீடு கட்டித் தருவேன்" என்று எழுதியிருக்கிறாள். தமிழ் டீச்சர் ‘ஆளாகி’யைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மேலே ‘பெரியவளாகி’ என்று திருத்திக் கொடுத்திருக்கிறார். இந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தம்தான் என்ன? எழுதக் கூடாத சொல்லா? மகளிடம் என்ன சொல்வது? அப்புறம் ஒன்று: நாளைக்கு நடக்க வேண்டியது நடந்தால் அத்தை கார்டு அடிக்காமல் விடமாட்டார். அதில் எந்தச் சொல்லைப் போடுவது?

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். முப்பத்தைந்து வருஷமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. ‘அவள் ஆளானாள்’ என்ற வரியை எத்தனை கதையில் தாண்டிப் போயிருப்பேன், கணக்கில்லை. காற்புள்ளி சரியா என்று பார்த்திருக்கிறேன், ஒற்று மிகுமா என்று பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின நாள் வரை அவள் என்னவாக இருந்தாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. உங்கள் வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டுவிட்டது.

சிவப்பு மை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதுதான் சுலபம். "நான் படித்து ஆளாகி" என்பது சுத்தமான தமிழ். ‘படித்து’ முன்னால் நிற்கும்போது அந்த ‘ஆளாகி’க்கு ஒரே அர்த்தம்தான்: ஒரு நிலைக்கு வந்து, சொந்தக் காலில் நின்று. டீச்சருக்கு வந்த கூச்சம் எனக்குப் புரிகிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் யாராவது கிளுக்கென்று சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்திருப்பார். ஆனால் அவர் மாற்றிப்போட்ட சொல்லைப் பாருங்கள். ‘பெரியவளாகி’! "எதிர் வீட்டுப் பொண்ணு பெரியவளாயிட்டாளாம்" என்று யாராவது சொன்னால் நாம் என்ன நினைப்போம்? முன்வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்த கதைதான். என்னிடம் அந்த நோட்டு வந்திருந்தால் உங்கள் மகள் எழுதியதை அப்படியே விட்டிருப்பேன். மாடி வீட்டுக்கு வேண்டுமானால் ஒரு ‘சபாஷ்’ போட்டிருப்பேன்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘ஆள்’ தமிழில் ஓயாமல் உழைக்கிற சொல். ஆளைக் காணோம், ஆளை விடு சாமி, ஆள் பாதி ஆடை பாதி. காதலிக்கிறவர்களுக்கு ‘என் ஆளு’. கட்சிக்காரர்களுக்கு ‘நம்மாளு’. தலைவர் கழுத்தில் விழுவது ஆளுயர மாலை. கிணற்றின் ஆழத்தைக்கூட ஊரில் "மூணு ஆள் ஆழம்" என்றுதான் சொல்வார்கள். வயல் வேலைக்குக் கணக்கும் ஆள்தான்: "நடவுக்கு எட்டு ஆள் வேணும்." உங்கள் மகள் கேட்டதற்குப் பாதிப் பதில் இந்த நடவுக் கணக்கில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எட்டு ஆள் என்றால் வரப்பில் நிற்கிற எட்டுத் தலை என்று அர்த்தமில்லை. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்றுமுடி எடுத்துக் கொடுக்கிற பத்து வயசுப் பிள்ளை அந்த எட்டில் சேராது. சேர்த்தாலும் அரை ஆள். முழுக் கூலி வாங்குகிறவரே ஆள். அத்தை கேட்டதில் இருக்கிற ‘ஆள்’ அந்த ஜாதி. குழந்தை மனுஷியா இல்லையா என்ற கேள்வியே அதில் கிடையாது. பெரியவர்கள் கணக்கில் எப்போது சேரும் என்பதுதான் கேள்வி. ரயிலில் ஐந்து வயசுக்குக் கீழே டிக்கெட் இல்லை, படுக்கை கேட்காவிட்டால் பன்னிரண்டு நிறையும் வரை அரை டிக்கெட் என்கிற மாதிரி. மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இன்னும் நாலு மாதத்தில் ரயில்வே கணக்கில் அவள் முழு ஆள். தேனிக்குப் போக அவள் அப்பா கூடுதலாகக் கொடுக்கப்போகிற பணமே சாட்சி.

இந்த ‘ஆள்’ என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு, பழைய முகம். ஏவல் செய்கிறவர், அடிமை. வேலையாள், பண்ணையாள் என்பதில் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுந்தரரின் கல்யாணத்தன்று சிவபெருமான் கிழவர் வேஷத்தில் வந்து, "உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை நீ" என்று வழக்காடிய கதை தெரியுமில்லையா, அந்த ஓலைக்குப் பெயர் ஆளோலை. வழக்கில் தோற்ற பிறகு திருவெண்ணெய்நல்லூரில் அவர் பாடிய முதல் பதிகம் ‘உனக்கு ஆளாய் இனி அல்லேன் எனலாமே’ என்று முடிகிறது. உனக்கு அடிமையாகிவிட்டு இனி இல்லை என்று சொல்லலாமா என்கிறார். ஆட்கொண்டான், ஆட்பட்டேன் எல்லாம் இந்த வழிதான். வேடிக்கை என்னவென்றால், இதே எழுத்துகள் வினைச்சொல்லாக வரும்போது நாட்டை ஆளும். பெயராக நின்றால் ஏவல் ஆள், வினையாக நடந்தால் அரசன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம், அவர்கள் ஊர்ப் பெண்ணின் பெயரே ஆண்டாள்.

அந்தப் பழைய அர்த்தம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்றைய பேப்பரைப் பிரியுங்கள். "அமைச்சர் கடும் விமர்சனத்துக்கு ஆளானார்." "பயணிகள் அவதிக்கு ஆளாயினர்." "சிறுவன் வதைக்கு ஆளானான்." ஒன்றின் கைக்குள் அகப்பட்டுக்கொண்டார் என்று பொருள். ‘அன்புக்கு ஆளானார்’ மாதிரி நல்லதுக்கும் எப்போதாவது வரும், பெரும்பாலும் கெட்டதுக்குத்தான். ‘பரிசுக்கு ஆளானார்’ என்று ஒரு இளைஞர் எழுதிக்கொண்டு வந்தார். பரிசு அவரைத் துரத்திப் பிடித்து உதைத்த மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். ஆக, முன்னால் ‘க்கு’ வந்தால் ஆளானவர் மாட்டிக்கொண்டவர். ‘க்கு’ வராவிட்டால் வளர்ந்தவர். அரை மாத்திரை ஒற்றும் ஒரு குறிலும் செய்கிற வேலை.

இப்போது வளர்ந்தவர் கதை. இங்கேதான் உங்கள் கணவரும் நீங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"பக்கத்து வீட்டுப் பையன் ஆளாயிட்டான்." "பக்கத்து வீட்டுப் பொண்ணு ஆளாயிட்டா." ஒரே வினை, ஒரே காலம், விகுதி மட்டும் மாறியிருக்கிறது. முதல் வாக்கியத்தைக் கேட்டதும் நாம் என்ன நினைக்கிறோம்? வேலை கிடைத்துவிட்டது, தங்கச்சி பீஸை அவன் கட்டுகிறான், அப்பா இனிக் கொஞ்சம் உட்காரலாம். இரண்டாவதைக் கேட்டதும் தாய்மாமன் சீர், பந்தல்காரர், தென்னங்கீற்று. பையன் உழைத்து ஆளாக வேண்டும். பெண் தூங்கி எழுந்தால் ஒருநாள் காலையில் ஆளாகிவிடுவாள். பையனின் உடம்பு வளர்வதற்கு இப்படி ஊர் முழுக்கப் புழங்குகிற ஒரு வினைச்சொல் நம்மிடம் இல்லை. மீசை முளைத்தது என்போம். குரல் உடைவதற்கு நாடகக் கம்பெனிகளில் ‘மகரக்கட்டு’ என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். பாய்ஸ் கம்பெனியில் ராஜகுமாரி வேஷம் கட்டிப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால் வேஷம் போச்சு, அதனால் அவர்களுக்குச் சொல் தேவைப்பட்டது. மற்ற வீடுகளில் அதைப் பற்றி யாரும் யாருக்கும் போன் பண்ணுவதில்லை. ‘விடலை’ என்று ஒன்று இருக்கிறது. சங்கப் பாட்டில் காதலியை அழைத்துக்கொண்டு பாலை வழியே போகிற வீரன்தான் விடலை. இன்று பஸ் ஸ்டாப்பில் நின்று விசிலடிக்கிறவன். பாவம், அந்தச் சொல் பட்ட பாடு தனிக் கடிதத்துக்கு உரியது.

பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த ஊர்முழக்கம் என்று கேட்டால், அந்தக் காலத்தில் அந்தச் சொல் செய்த வேலை அப்படி. ‘எங்கள் வீட்டில் பெண் இருக்கிறாள், கேட்டு வரலாம்’ என்பதன் சுருக்கம் அது. 1929-இல் குழந்தை மணத் தடைச் சட்டம் வந்தபோது பெண்ணுக்கு அது வைத்த வயதே 14தான். இன்று 18. இடையில் பள்ளி, கல்லூரி எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. அறிவிப்புக்கு இருந்த காரணம் போய்விட்டது, அறிவிப்பு மட்டும் பழக்கத்தில் நடக்கிறது. உங்கள் அத்தையும் மாப்பிள்ளை பார்க்கக் கேட்டிருக்கமாட்டார். பேத்தி நன்றாக வளர்கிறாளா, சத்தாகச் சாப்பிடுகிறாளா என்பதை அவருக்குத் தெரிந்த சொல்லில் கேட்டார். அவர்மேல் கோபப்பட வேண்டாம். ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

ஆனால் உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி இருக்கிறதே, "என்னை ஆளாக்க மாட்டீங்களாப்பா?", அதற்குத் தமிழிலேயே பதில் தயாராக இருக்கிறது. ‘ஆளாகு’ என்பதுதான் பெண் பக்கம் போகும்போது உடம்பைச் சுட்டுகிறது. ‘ஆளாக்கு’ அப்படி இல்லை. "புருஷன் போனப்புறம் தனியாளா நின்னு நாலு பொண்ணையும் ஆளாக்கிட்டா" என்று எங்கள் தெருவில் ஒரு இட்லிக்காரம்மாவைப் பற்றிச் சொல்வார்கள். நாலு பெண்ணுக்கும் சடங்கு சுற்றினாள் என்று யாராவது அதைப் புரிந்துகொள்வார்களா? படிக்க வைத்தாள், நர்ஸாக்கினாள், டீச்சராக்கினாள் என்றுதான் புரியும். ஒரே ஒரு ‘க்’ கூடினதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல் ஒன்றாகிவிடுகிறது. எனவே உங்கள் கணவர் உங்களைப் பார்க்காமல், நேரே மகளைப் பார்த்து "உன்னையும்தான் ஆளாக்கணும்" என்று தாராளமாகச் சொல்லலாம். அதில் கூச்சப்பட ஒரு எழுத்துக்கூட இல்லை.

அடுத்து, இது கூச்சப்பட வேண்டிய சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். மற்ற சொற்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீங்களே முடிவு பண்ணிவிடுவீர்கள். மதுரைப் பக்கம் ‘குத்தவச்சுட்டா’. சில வீடுகளில் ‘உக்காந்துட்டா’. இன்னும் சில இடங்களில் ‘சடங்காயிட்டா’. கன்னியாகுமரிப் பக்கம் ‘திரண்டுட்டா’, குளிப்பாட்டுகிற விழாவுக்குத் ‘திரண்டுகுளி’. மாதாமாதம் வருவதற்கு ‘தூரம்’, ‘வீட்டு விலக்கு’. இவற்றில் பாதிக்கு மேல் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? வீட்டார் அவளை என்ன செய்தார்கள் என்று சொல்கின்றன. எங்கே உட்கார வைத்தார்கள், எவ்வளவு எட்டத்தில் வைத்தார்கள், எப்போது தலைக்கு ஊற்றினார்கள். வீட்டு வரைபடம் மாதிரி. அவளைப் பற்றியே பேசுகிற சொற்கள் கொஞ்சம்தான்: ஆளானாள், பெரியவளானாள், சமைந்தாள். ‘சமைந்தாள்’ என்றால் சிரிப்பார்கள், ஆனால் நல்ல சொல். சமைதல் என்றால் ஆயத்தமாதல், உருவாதல். அடுப்பில் நடப்பதும் அதுதான், ‘சிலையாய்ச் சமைந்து நின்றான்’ என்பதும் அதுதான். யாழ்ப்பாணத்தில் ‘சாமத்தியப்பட்டாள்’ என்பார்கள், சாமர்த்தியம் என்ற சொல்தான் அப்படி மருவியிருக்கிறது. ‘பெரியபிள்ளை ஆகிட்டாள்’ என்றும் சொல்வார்கள். அதில் ஒரு நயம்: பெரிய பிள்ளைதான், ஆனால் இன்னும் பிள்ளை. எனக்கு மிகவும் பிடித்தது அது.

புத்தகத் தமிழில் இருப்பது ‘பூப்பெய்தினாள்’. ‘பூப்பு’ ரொம்பப் பழசு, தொல்காப்பியத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’ தலைவன் பிரிந்திருக்கக் கூடாது என்று வருகிறது. கல்யாணமான பெண்ணின் மாதாந்தர பூப்பு அது. முதல் தடவைக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கிவைத்தது பிற்பாட்டு வழக்கம். பேச்சில் யாரும் ‘பூப்பெய்தினாள்’ என்பதில்லை. சொன்னால் மைக் பிடித்த மாதிரி இருக்கும்.

‘வயசுக்கு வந்துட்டா’ என்று ஒன்று விட்டுப்போயிற்று. இதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ‘வயதுக்கு வந்த’ என்றால் பூப்பு. ‘வயது வந்த’ என்றால் சட்டக் கணக்கு: வயது வந்தோர் வாக்குரிமை, சினிமா போஸ்டரில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’. மறுபடியும் அந்த ‘க்கு’தான். ஒருமுறை தேர்தல் பற்றிய கையேடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்த அரசியல் சட்டத் திருத்தம், 1989-இல் நடப்புக்கு வந்தது, அது பற்றிய பக்கம். "இதன் மூலம் வயதுக்கு வந்த பெண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றனர்" என்று இருந்ததைப் படித்தும் படிக்காமலும் விட்டுவிட்டேன். அச்சுக்குப் போகிற அன்று காலையில், காபி ஆற்றும்போது, மண்டையில் அடித்தது. அந்த வாக்கியப்படி பார்த்தால் பாதி ஏழாம் வகுப்பு வரிசையில் வந்து நின்றிருக்கும். ஓடிப்போய் ‘க்கு’வைப் பிடுங்கினேன். இந்தத் தொல்லையால்தானோ என்னவோ, பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கிற திட்டத்தை நம் பக்கம் ‘முதியோர் கல்வி’ என்றே பரவலாகச் சொன்னார்கள். முப்பது வயதுக்காரர் முதியோர் ஆனது அப்படித்தான்.

‘வளரிளம் பருவம்’ பள்ளிப் புத்தகத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் பொருந்துகிற சொல். பத்திலிருந்து பத்தொன்பது வரைக்கும் அதில் அடங்கும், பையனுக்கும் பெண்ணுக்கும் பொது, யாரையும் நெளிய வைக்காது. ‘பதின்பருவம்’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன உறுத்தல்: நம் எண்ணில் ‘பதின்’ பதினொன்றிலேயே தொடங்கிவிடுகிறது, பன்னிரண்டில் மறைந்து, பதின்மூன்றில் திரும்ப வந்து, பத்தொன்பதில் காணாமல் போகிறது. சரி, அந்த வயசுப் பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கிறார்கள், விட்டுவிடலாம்.

மகளிடம் என்ன சொல்வது? சொல்லை மறைக்காதீர்கள், அவள் ஏற்கெனவே பிடித்துவிட்டாள். ‘ஆளாகிறது’ என்றால் இரண்டு உண்டு, ஒன்று உடம்பு தானாகச் செய்வது, இன்னொன்று நீ படித்துச் செய்யப்போவது, அப்பத்தா கேட்டது முதலாவது, நீ கட்டுரையில் எழுதியது இரண்டாவது என்று சொல்லுங்கள். அவளுக்கு இது போதும். ஆனால் முதலாவதைப் பற்றிச் சொல்லும்போது ‘ஆளாகிறது’ என்பதோடு நிறுத்தக் கூடாது. ‘ஆளாயிட்டா’ என்பது மூன்றாவது ஆள் ஊருக்குச் சொல்கிற சொல். எந்தப் பெண்ணும் பள்ளிக் கழிவறையிலிருந்து வெளியே வந்து "டீச்சர், நான் ஆளாயிட்டேன்" என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் வாயில் வருகிற மாதிரி ஒரு சொல் அவளுக்கு வேண்டும். மாதவிடாய் என்று சொல்லிக்கொடுங்கள், பீரியட்ஸ் என்று சொன்னாலும் சரி. இரத்தம் வரும், அடிபட்டதால் இல்லை, இது இதற்காக வருகிறது, பேட் இந்த இடத்தில் இருக்கிறது, பள்ளியில் ஆனால் இன்னாரிடம் சொல்லு என்று நேராகச் சொல்லுங்கள். 12 நெருங்குகிறது என்கிறீர்கள், இந்த வாரமே சொல்லுங்கள். (‘விடாய்’ என்றால் களைப்பு, தாகம். ‘விலக்கு’ என்பதைவிட அது எவ்வளவோ தேவலை.)

எனக்கு அந்தச் சொல் இல்லாமல் போயிற்று. விருதுநகர்ப் பக்கம் சின்ன ஊரில் அப்பா ஒரு அச்சகம் வைத்திருந்தார். ஒரு டிரெடில் மிஷின், நாலு பெட்டி ஈய எழுத்து, அவ்வளவுதான். பள்ளி விட்டதும் நேரே அங்கே போய் ஸ்டூலில் ஏறி நின்று எழுத்துக் கோர்ப்பேன். 1979, எனக்குப் பதின்மூன்று. னா, லை மாதிரி எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த உத்தரவு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. எங்கள் பெட்டியில் பழைய சுழி ‘னா’வும் துதிக்கை ‘லை’யும்தான். அன்றைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை கோர்த்துக்கொண்டிருந்தேன். வயிறு வலிக்கிறது என்று வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் கொல்லைப்புறத்தில் கீற்று மறைப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் அம்மா யாரிடமோ "ஆளாயிட்டா" என்றாள். எனக்கு ‘ஆள்’ தெரியும், ‘ஆகு’ தெரியும், இரண்டு எழுத்தையும் கையால் எடுத்து அடுக்கியிருக்கிறேன். சேர்த்தால் என்ன என்று அப்போது தெரியவில்லை.

நாலாம் நாளோ என்னவோ, கார்டு அடித்து வந்தது. எங்கள் அச்சகத்திலேயே அடித்தது, முந்நூறு கார்டு, மஞ்சள் அட்டை, சிவப்பு மை. அத்தை ஒன்றை எனக்கு எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள். எடுத்துப் பார்த்தேன். ‘மஞ்சள் நிராட்டு விழா’ என்று இருந்தது. நெடில் விழவில்லை. நான் உள்ளேயிருந்து கத்தினேன், "நீராட்டுக்கு நெடில் இல்ல!" வெளியே எல்லோரும் சிரித்தார்கள். முந்நூறும் அப்படியேதான் போயிற்று. எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த அச்சகத்தில் புரூஃப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளை மறைப்புக்குள் உட்கார வைத்துவிட்டு அவளுக்கே கார்டு அடித்திருக்கிறார்கள்!

உங்கள் கார்டுக்கு வருகிறேன். விழா வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு, மகளையும் கேட்டுச் செய்யுங்கள். அவள் வேண்டாம் என்றால் அத்தையிடம் பேச வேண்டியது அவர் மகன், நீங்கள் இல்லை. வைப்பதாக இருந்தால், கடையில் கேட்காமலே ‘பூப்புனித நீராட்டு விழா’ என்று போட்டுக் கொடுப்பார்கள். அது ஒரு அரைகுறைச் சொல். பூப்பு, புனித நீராட்டு என்று இரண்டு சொல் சேர வேண்டிய இடத்தில் நடுவிலிருந்த ‘பு’வை யாரோ விழுங்கிவிட்டார்கள். ‘பூப்புப் புனித நீராட்டு’ என்று ஒருமுறை நான் திருத்திக் கொடுத்து, கார்டுக்காரர் "என்னம்மா, ரெண்டு தடவை பு போட்டிருக்கீங்க, பார்ட்டி திட்டுறாங்க" என்று திருப்பி அனுப்பினார். அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம். ‘மஞ்சள் நீராட்டு விழா’ என்று போடுங்கள். பிழையில்லாத சொல், ஊருக்கெல்லாம் தெரிந்த சொல், உங்கள் அத்தைக்கும் சம்மதமாக இருக்கும். தாய்மாமன்கள் பெயர் வரிசையில் யார் முன்னே யார் பின்னே என்பதில் தமிழறிவு உதவாது, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகும் முன்னால் புரூஃபை உங்கள் மகளிடம் கொடுங்கள், ஒரு சிவப்புப் பேனாவோடு.